ஒரே ஆளை நான்கு முறை அளந்தால்: புள்ளியியல் கேள்வி பதில்

ஒரே ஆளிடம் பல முறை எடுத்த அளவுகளைப் பற்றி இந்த மாதம் எழுதுகிறேன் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஆய்வேடு சமர்ப்பிக்கும் காலம் நெருங்குவது கடிதங்களின் தொனியிலேயே தெரிகிறது. அவசரமானவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: உயர் ரத்த அழுத்தம் உள்ள 40 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்தேன். ஒரு குழுவுக்கு மூச்சுப் பயிற்சி, இன்னொன்றுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். தொடக்கத்திலும் 4, 8, 12 வாரங்களிலும் அழுத்தம் அளந்தேன். ஒவ்வொரு முறைக்கும் ஒரு டி-டெஸ்ட் (இரண்டு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போட்டால் போதும் என்கிறார் என் நெறியாளர். போதுமா அம்மா?
— செவிலியர் ஆய்வு மாணவி, மதுரை

பதில்: போதாதும்மா. நெறியாளர் மீதுள்ள மரியாதை குறையாமல் இதை அவரிடம் எடுத்துச் சொல்லலாம். எண்களோடு சொன்னால் அவரும் ஒப்புக்கொள்வார். அதற்காகவே ஒரு பழைய தரவைக் கொண்டுவருகிறேன்.

அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பள்ளியில் 16 பையன்களையும் 11 பெண் குழந்தைகளையும் 8, 10, 12, 14 வயதுகளில் தொடர்ந்து அளந்தார்கள். பிட்யூட்டரி சுரப்பியின் மையத்திலிருந்து மேல்தாடைக்குப் பின்னால் இருக்கும் ஒரு பிளவு வரை எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் அளவு. போத்தாஃப், ராய் என்ற இருவர் 1964-ல் எழுதிய கட்டுரை வழியாக இந்த 108 எண்கள் புள்ளியியல் வகுப்புகளுக்குள் வந்தன. இந்த ராய், கல்கத்தாவில் புள்ளியியலாளர் மகாலனோபிஸுடன் வேலை பார்த்துவிட்டு வட கரோலினாவுக்குப் போனவர்.

பெண்களின் சராசரி வயது வாரியாக 21.2, 22.2, 23.1, 24.1. பையன்களுக்கு 22.9, 23.8, 25.7, 27.5.

உங்கள் நெறியாளர் சொன்னபடி வயதுக்கொரு டி-டெஸ்ட் போட்டுப் பாருங்கள். 8 வயதிலும் 10 வயதிலும் பி மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாகக் கிடைக்கும் வாய்ப்பு; 0.05-க்குக் கீழே இருந்தால் வேறுபாடு உண்டு என்று எடுத்துக்கொள்வது வழக்கம்) 0.05-ஐத் தாண்டி நிற்கும். 12 வயதில் 0.014, 14 வயதில் 0.001-க்கும் கீழே. உடனே கை என்ன எழுதத் துடிக்கும்? "பாலின வேறுபாடு 12 வயதில் தோன்றுகிறது" என்று. இதற்கு எந்த ஆதாரமும் இல்லை. 8 வயதிலேயே 1.7 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளி 12 வயதில் இருக்கும் 2.6-லிருந்து வேறுபடுகிறதா என்று நாம் சோதிக்கவே இல்லை. ஒரு சோதனை 0.05-க்கு இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம் என்பதை வைத்து இரண்டும் வேறு என்று முடிவு கட்டுகிறோம். உங்கள் ஆய்விலும் இதே ஆபத்து இருக்கிறது: "பயிற்சி 8-வது வாரத்திலிருந்து பலன் தந்தது" என்ற வாக்கியம் உங்கள் ஆய்வேட்டில் ஏறிவிடும், நாளைக்கு யாரோ அதை நம்பி நோயாளியிடம் சொல்வார்கள்.

சரி, நான்கு டெஸ்டை விட்டுவிட்டு ஒரே அனோவா (பல சராசரிகளை ஒரே கணக்கில் ஒப்பிடும் மாறுபாட்டுப் பகுப்பாய்வு) போடலாம் என்று சிலர் 108 எண்களையும் 108 தனித்தனி ஆட்கள் போல ஒரே நெடுவரிசையில் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பாலினத்துக்கு எஃப் மதிப்பு (விளைவின் அளவை இரைச்சலின் அளவால் வகுத்தது) 26.7, வயதுக்கு 13.3, இரண்டும் சேர்ந்த இடைவினைக்கு (ஒன்றின் விளைவு மற்றொன்றைப் பொறுத்து மாறுவது) 0.89 வரும். மூன்றுமே தவறு, அதுவும் ஒரே திசையில் தவறு இல்லை. இதைத்தான் ஊன்றிப் பார்க்கச் சொல்வேன்.

பையன்களையும் பெண்களையும் ஒப்பிடும்போது ஒப்பீடு நடப்பது ஆளுக்கும் ஆளுக்கும் இடையில். குழந்தைக்குக் குழந்தை முக அமைப்பு வேறுபடும் அளவுதான் அங்கே இரைச்சல். இந்தத் தரவில் அந்த இரைச்சலை அளக்கும் சராசரி வர்க்கம் 15.1, அதற்கான டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (அதைக் கணக்கிட உதவும் தனித்தனித் தகவல்களின் எண்ணிக்கை) 25. ஆனால் 8 வயதையும் 14 வயதையும் ஒப்பிடும்போது ஒரு குழந்தை தன்னோடு தானே ஒப்பிடப்படுகிறது. பிறவியிலேயே பெரிய முகம், சிறிய முகம் என்பதெல்லாம் கழிந்துபோகிறது. மிஞ்சும் இரைச்சல் 1.98 மட்டுமே, டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 75. இரண்டையும் கலந்து 5.26 என்ற ஒரே பிழையை வைத்தால், ஆட்களுக்கு இடையிலான கேள்விக்கு அது மிகச் சிறியது, ஆளுக்குள்ளான கேள்விக்கு மிகப் பெரியது.

சரியாகப் பிரித்தால் பாலினத்துக்கு எஃப் 9.29, பி 0.005. வயதுக்கு 35.35. இடைவினைக்கு 2.36, பி 0.078. முதல் எண் 26.7-லிருந்து இறங்கியிருக்கிறது, மற்ற இரண்டும் ஏறியிருக்கின்றன. இதற்குத்தான் மிக்ஸட் டிசைன் என்று பெயர்: ஒரு காரணி ஆட்களைப் பிரிக்கிறது, இன்னொன்று ஒவ்வோர் ஆளுக்குள்ளும் ஓடுகிறது. உங்கள் ஆய்வில் குழு முதல் வகை, வாரம் இரண்டாம் வகை. நீங்கள் தேடும் விடை குழுவும் வாரமும் சேர்ந்த இடைவினையில் இருக்கிறது. 40 பேரும் நான்கு முறையும் வந்திருந்தால் அதன் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 3, 114 (முதல் எண் விளைவுக்கு, இரண்டாவது அதன் பிழைக்கு). குழுவுக்கு 1, 38.

இதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. 0.078 என்ற அந்த இடைவினை, "நான்கு வயதுகளில் எங்காவது, எப்படியாவது இடைவெளி மாறுகிறதா?" என்று கேட்கிறது. மூன்று டிகிரியில் சிதறும் கேள்வி அது. வளர்ச்சி ஆய்வாளருக்கு உண்மையில் வேண்டியது, பையன்கள் வேகமாக வளர்கிறார்களா என்பது. ஒவ்வொரு குழந்தைக்கும் வருடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு சாய்வைக் கணக்கிடுங்கள். பெண்களின் சராசரி சாய்வு 0.48, பையன்களுடையது 0.78. 27 சாய்வுகள், இரண்டு குழு, ஒரே ஒரு டி-டெஸ்ட். அதன் வர்க்கம்தான் எஃப் 5.12, பி 0.03. அதே தரவுதான், கேள்வியைக் கூர்மையாக்கியதும் விடை தெளிகிறது. நான்கு அளவுகளையும் ஒரே எண்ணாகச் சுருக்கிவிட்டதால் கணக்கும் எளிது, நெறியாளருக்கு விளக்குவதும் எளிது.

ஆனால் சாய்வைப் பார்க்கப்போகிறேன் என்று தரவைத் திறப்பதற்கு முன்பே ஆய்வுத் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். இடைவினை 0.078 வந்த பிறகு சாய்வுக்கு ஓடுவது நேர்மையாகாது. ரத்த அழுத்தம் முதல் 4 வாரத்தில் இறங்கி அப்படியே நின்றுவிடும் என்று எதிர்பார்த்தால் நேர்கோடு பொருந்தாது. அப்போது பின்னால் எடுத்த மூன்று அளவுகளின் சராசரியிலிருந்து தொடக்க அளவைக் கழித்து அதைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வயலில் பாசன முறை பெரிய பாத்திகளிலும் தழைச்சத்து அளவு அவற்றுக்குள் இருக்கும் சிறு பாத்திகளிலும் வைத்திருக்கிறோம். ஸ்ப்ளிட் பிளாட் என்கிறார்கள். உளவியல் படிக்கும் என் தோழி, இதுவும் தன்னுடைய மிக்ஸட் டிசைனும் ஒன்றுதான் என்கிறாள். நிஜமா?
— வேளாண் முதுகலை மாணவர், திருச்சி

பதில்: தோழி சொல்வது சரி தம்பி. எனக்கு ஸ்ப்ளிட் பிளாட் மீது தனிப் பிரியம் உண்டு, ஏனென்றால் இந்த முழுச் சிந்தனையும் வயலில் பிறந்தது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1919-ல் சேர்ந்த ஃபிஷரும், 1931-ல் அவரோடு சேர்ந்த யேட்ஸும் வளர்த்தெடுத்தது. உங்கள் பெரிய பாத்திதான் அவளுடைய ஆள். சிறு பாத்திதான் அந்த ஆளிடம் எடுத்த ஒவ்வோர் அளவு.

தண்ணீரைப் பெரிய பாத்தியில் வைத்ததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும்: சிறு பாத்திக்கு ஒரு பாசன முறை என்றால் வரப்பு வழியே கசிந்து பக்கத்துப் பாத்தியைக் கெடுத்துவிடும். அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. பெரிய பாத்திகள் எண்ணிக்கையில் குறைவு, அவற்றுக்கு இடையிலான மண் வேறுபாடு அதிகம். ஆகவே பாசனத்தைப் பற்றி நீங்கள் சொல்லக்கூடியது தழைச்சத்தைப் பற்றிச் சொல்லக்கூடியதைவிடத் துல்லியம் குறைந்ததாகவே இருக்கும்.

யேட்ஸ் 1935-ல் எழுதிய கட்டுரையில் வரும் ஓட்ஸ் சோதனையைப் பாருங்கள். 6 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 3 பெரிய பாத்திகளில் 3 ரகங்கள், ஒவ்வொரு பெரிய பாத்தியும் 4 சிறு பாத்திகளாகப் பிரிந்து 4 தழைச்சத்து அளவுகள், மொத்தம் 72 சிறு பாத்திகள். பெரிய பாத்திப் பிழையின் சராசரி வர்க்கம் 601, சிறு பாத்திப் பிழை 177. ரகத்தை 601-ஓடு ஒப்பிட்டால் எஃப் 1.49, டிகிரி 2, 10. ரகங்களுக்குள் வேறுபாடு உண்டு என்று சொல்ல இடமே இல்லை. இரண்டு பிழைகளையும் கலந்து 55 டிகிரியில் ஒன்றாக்கினால் எஃப் 3.51 ஆகி, பி 0.05-க்குக் கீழே இறங்கிவிடும். ஆதாரமில்லாத ரக வேறுபாட்டைப் பரிந்துரையாக அச்சடித்துவிடுவோம். தழைச்சத்துக்கோ எஃப் 37.7, சந்தேகமே வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்தில் நீங்கள் உங்கள் தோழியைவிடக் கொடுத்துவைத்தவர். சிறு பாத்திக்கு எந்தத் தழைச்சத்து என்பதை நீங்கள் குலுக்கிப் போட முடிந்தது. அவள் அளப்பது காலத்தோடு நகர்ந்தால், 12-வது வாரத்தை 4-வது வாரத்துக்கு முன்னால் வைக்க முடியாது. அந்தக் குலுக்கல் இல்லாததால் வரும் சிக்கல்தான் அடுத்த கேள்வி.

கேள்வி: மாச்லி சோதனையில் பி 0.03 வந்துவிட்டது. ஸ்ஃபெரிசிட்டி உடைந்துவிட்டது, இனி அனோவா போடக்கூடாது என்று அறைத்தோழிகள் பயமுறுத்துகிறார்கள். தரவு வீணா?
— உளவியல் ஆய்வாளர், சென்னை

பதில்: வீணே இல்லை, நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள்.

நான்கு வாரங்கள் அளந்திருந்தால் ஜோடி ஜோடியாகக் கழித்து ஆறு வித்தியாசங்கள் எடுக்கலாம். அந்த ஆறு வித்தியாசங்களின் மாறுபாடும் சமமாக இருக்க வேண்டும் என்பதுதான் ஸ்ஃபெரிசிட்டி என்ற நிபந்தனை, அது உடைந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் மாச்லி சோதனை. காலத்தோடு எடுத்த அளவுகளில் இது அவ்வளவு லேசில் அமையாது. அடுத்தடுத்த வாரங்கள் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கும், வித்தியாசம் சிறிதாகச் சிதறும். முதல் வாரமும் கடைசி வாரமும் விலகிப்போயிருக்கும். இரண்டே நிலைகள் உள்ள காரணியில் ஒரே ஒரு வித்தியாசம்தான் என்பதால் இந்தப் பிரச்சினையே எழாது. மென்பொருள் அங்கே மாச்லி கட்டத்தைக் காலியாகவோ புள்ளி வைத்தோ விட்டால் பதறாதீர்கள்.

மாச்லி இதை 1940-ல் வெளியிட்டார். ஆமாம், பின்னாளில் எக்கர்ட்டோடு சேர்ந்து எனியாக் கணினியைக் கட்டிய அதே ஜான் மாச்லிதான். நிபந்தனை எவ்வளவு உடைந்திருக்கிறது என்பதற்கு 1954-ல் பாக்ஸ் ஓர் அளவுகோல் கொடுத்தார், எப்சிலான். முழுமையாகப் பொருந்தினால் 1. நான்கு நிலைகளுக்கு அதிகபட்ச மோசம் மூன்றில் ஒன்று. இந்த எப்சிலானால் இரண்டு டிகிரிகளையும் பெருக்கிவிட்டு அதே எஃப் மதிப்பைப் பார்ப்பதுதான் 1959-ல் கிரீன்ஹவுஸும் கெய்சரும் காட்டிய திருத்தம். ஹுய்ன்-ஃபெல்ட் திருத்தம் 1976-ல் வந்தது, சிறிய மாதிரிகளில் கொஞ்சம் தாராளமானது. மேலே சொன்ன பல் மருத்துவத் தரவில் கிரீன்ஹவுஸ்-கெய்சர் எப்சிலான் 0.87. ஆக 3, 75 என்பது 2.6, 65 ஆகிறது, இடைவினையின் பி 0.078-லிருந்து 0.088-க்குப் போகிறது. இவ்வளவுதான் சேதம்.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். மாச்லி சோதனையை வாயில் காவலனாக நான் வைப்பதில்லை. ஆட்கள் குறைவாக இருந்தால் அது உடைப்பைக் கண்டுபிடிக்காது, நிறைய இருந்தால் கண்ணுக்குத் தெரியாத உடைப்புக்கும் மணி அடிக்கும். மூன்றோ அதற்கு மேலோ நிலைகள் இருக்கும் ஆளுக்குள்ளான காரணி எதுவானாலும் முதலிலிருந்தே கிரீன்ஹவுஸ்-கெய்சர் திருத்தத்தோடு எழுதிவிடுங்கள், எப்சிலானையும் குறிப்பிடுங்கள். தேர்வாளர் கேட்டால், பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளவில்லை என்று தலை நிமிர்ந்து சொல்லலாம்.

கேள்வி: ஒரே 20 பேர். இரண்டு எழுத்துருக்கள், மூன்று வெளிச்ச நிலைகள், எல்லோரும் ஆறு நிலைகளிலும் ஒரு பத்தியைப் படிக்கிறார்கள், படிக்கும் நேரம் அளக்கிறேன். குழு என்று எதுவும் இல்லை. இதற்கு எத்தனை பிழைகள்?
— வடிவமைப்பு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: மூன்று. எழுத்துருவின் விளைவை, அது ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுகிறது என்பதோடு ஒப்பிட வேண்டும்: டிகிரி 1, 19. வெளிச்சத்தின் விளைவை, வெளிச்சம் ஆளுக்கு ஆள் எப்படி வேறாகப் பாதிக்கிறது என்பதோடு: 2, 38. இரண்டின் இடைவினைக்கும் அதேபோல் தனிப் பிழை: 2, 38. வெளிச்சம் மங்கினால் தாத்தா தடுமாறுவார், பேத்தி தடுமாற மாட்டாள் என்றால் வெளிச்சத்தின் பிழை பெரிதாக இருக்கும். எழுத்துருவில் எல்லோரும் ஒரேமாதிரி நடந்துகொண்டால் அதன் பிழை சிறிதாக இருக்கும். ஆர் மென்பொருளில் பிழை அடுக்கைக் குறிக்கும் இடத்தில் ஆளின் பெயரை மட்டும் எழுதிவிட்டால் இந்த மூன்றையும் அது ஒன்றாகக் கலந்துவிடும். ஆளுக்குள் எழுத்துரு, வெளிச்சம், இரண்டின் பெருக்கம் என்று முழுமையாக எழுத வேண்டும். எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் ஒரு ஆளுக்கு ஒரு கிடைவரிசை, ஆறு நெடுவரிசைகள். ஆர்-ல் ஒரு ஆளுக்கு ஆறு கிடைவரிசைகள். மாற்றும்போது ஆள் எண்ணை எண்ணாக விடாமல் காரணியாக மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் 20 பேருக்கு ஒரே டிகிரி என்று வந்து நிற்கும்.

பகுப்பாய்வைவிட எனக்கு வேறொரு கவலை இருக்கிறது. ஆறு பத்திகளையும் எல்லோருக்கும் ஒரே வரிசையில் கொடுத்தீர்களா? முதல் பத்தியில் தயக்கம், ஆறாவதில் அலுப்பு. அது வெளிச்சத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால் எந்த எஃப் மதிப்பாலும் இறக்க முடியாது. இன்னும் தரவு எடுக்கத் தொடங்கவில்லை என்றால், 1949-ல் வில்லியம்ஸ் கொடுத்த சதுர அமைப்பைப் பயன்படுத்துங்கள். ஆறு நிலைகளுக்கு ஆறு வரிசைகள் போதும். ஒவ்வொரு நிலையும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு தடவை வரும், ஒவ்வொரு நிலைக்கும் முன்னால் மற்ற ஐந்தும் ஒவ்வொரு தடவை வரும். அப்படியானால் 20 பேர் சரிப்படாது, 24 பேராக்குங்கள். படிக்கும் பத்தியையும் மாற்றிக்கொண்டே இருங்கள், ஒரே பத்தியை ஆறு முறை படிப்பவர் கடைசியில் மனப்பாடமாக ஒப்பிப்பார்.

கேள்வி: முன், பின் என்று இரண்டே அளவு. இரண்டு குழு. மிக்ஸட் அனோவாவா, வித்தியாசத்தின் டி-டெஸ்டா, அன்கோவாவா? மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.
— இயன்முறை மருத்துவர், சேலம்

பதில்: முதல் இரண்டும் ஒன்றேதான். மிக்ஸட் அனோவாவின் இடைவினை எஃப், வித்தியாசத்தில் போட்ட டி-யின் வர்க்கம். ஆகவே மூன்று பேரும் உண்மையில் இரண்டு விதமாகத்தான் சொல்கிறார்கள்.

குலுக்கல் முறையில் பிரித்திருந்தால் அன்கோவா (முன் அளவின் தாக்கத்தைச் சரிசெய்துவிட்டுப் பின் அளவை ஒப்பிடுவது), தயங்காமல். முன் அளவுக்கும் பின் அளவுக்கும் உள்ள தொடர்பு 0.3 என்று வையுங்கள். பின் அளவை மட்டும் ஒப்பிட்டால் இரைச்சல் 1 என்றால், வித்தியாசம் எடுத்தால் அது 1.4 ஆகிவிடும், அன்கோவாவில் 0.91. தொடர்பு 0.5 என்றால் 1, 1, 0.75. தொடர்பு 0.8 என்றால் வித்தியாசத்துக்கு 0.40, அன்கோவாவுக்கு 0.36. அதாவது தொடர்பு பாதிக்குக் கீழே இருக்கும்போது வித்தியாசம் எடுப்பது முன் அளவைத் தூக்கிப்போடுவதைவிடக்கூட மோசம். அன்கோவா எந்த நிலையிலும் பின்தங்குவதில்லை, ஒரே ஒரு டிகிரியைத்தான் செலவழிக்கிறது. வலி அளவுகோல் போன்ற ஏறி இறங்கும் அளவுகளில் தொடர்பு குறைவாகவே இருப்பதால், உங்கள் துறையில் இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை.

குலுக்காமல், ஏற்கெனவே இருக்கும் இரண்டு குழுக்களை எடுத்திருந்தால் கதை வேறு. இரண்டு முறைகளும் எதிரெதிர் விடை தரலாம். ஃபிரெடெரிக் லார்ட் 1967-ல் ஆண், பெண் மாணவர்களின் எடையை வைத்து இந்த முரணைக் காட்டினார். எந்தப் பகுப்பாய்வும் தானாக அதைத் தீர்த்துவைக்காது, குழுக்கள் ஏன் வேறாகத் தொடங்கின என்பதை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கேள்வி: 12 வாரத்தில் சிலர் ஒரு தடவை வரவில்லை. அறுவடை, கோயில் திருவிழா, பொங்கல். மென்பொருள் அவர்களை முழுக்கவே கழித்துவிட்டு எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுகிறது. முந்தைய அளவையே நிரப்பிக்கொள்ளலாமா?
— சமூக மருத்துவ முதுகலை மாணவர், தஞ்சாவூர்

பதில்: தயவுசெய்து நிரப்பாதீர்கள். வராத நாளில் அவர் உடம்பு மாறவே இல்லை என்று நாமாகக் கற்பிப்பது அது. பிறகு அந்தக் கற்பனை எண்ணை அளந்த எண்ணைப் போலவே நம்பி, பிழையையும் குறைத்துக்கொள்கிறோம்.

மென்பொருள் செய்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று தடவை வெயிலில் பேருந்து பிடித்து வந்து கை நீட்டி உட்கார்ந்த ஒருவரை, நான்காவது தடவை நெல் அறுக்கப் போனார் என்பதற்காக இல்லவே இல்லை என்று ஆக்கிவிடுகிறது. பழைய அனோவாவின் கணக்கு அப்படி, எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தால்தான் ஓடும். இதற்காகத்தான் மிக்ஸட் மாடல்கள் வந்தன. லெய்ர்ட், வேர் இருவரும் 1982-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு மருத்துவ ஆய்வில் இவை பரவின. ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு தொடக்க மட்டம், தேவைப்பட்டால் ஒரு சாய்வு, இவை ஒரு பரவலிலிருந்து வந்தவை என்று வைத்துக்கொண்டு, இருக்கிற எல்லா அளவுகளையும் பயன்படுத்தும். மூன்று அளவு தந்தவர் மூன்று அளவுக்கான பங்கைத் தருவார். 4-வது வாரம் என்று குறித்துவிட்டு உண்மையில் 33-வது நாள் வந்திருந்தால், 33 என்றே கொடுக்கலாம். ஆர்-ல் எல்எம்இ4 என்ற தொகுப்பு, எஸ்பிஎஸ்எஸ்-லும் மிக்ஸட் என்ற தனிப் பட்டியல் இருக்கிறது. ஆட்கள் குறைவு என்றால் டிகிரிக்குக் கென்வர்ட்-ரோஜர் முறையைக் கேளுங்கள். ஒரு எண்ணும் விடுபடாத, சமமான தரவில் இந்த மாடல் எளிய வடிவத்தில் பழைய அனோவாவின் அதே எஃப் மதிப்பைத்தான் தரும், ஆகவே புதிதாக ஏதோ மந்திரம் என்று பயப்பட வேண்டாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. அவர் வராததற்கான காரணம் நாம் ஏற்கெனவே பதிவு செய்த எண்களில் அடங்கியிருந்தால் பரவாயில்லை: போன தடவை அழுத்தம் அதிகமாக இருந்தது, மனம் விட்டுப்போய் வரவில்லை என்றால் மாடல் சமாளிக்கும். அறுவடையும் திருவிழாவும் அதைவிடப் பாதுகாப்பான காரணங்கள். அன்று அளந்திருந்தால் கிடைத்திருக்கும் எண்ணே அவர் வராததற்குக் காரணம் என்றால், உதாரணமாகத் தலைசுற்றி விழுந்து வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டார் என்றால், எந்த மாடலும் கைகொடுக்காது. அதனால் வராதவர்களின் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போட்டுக் காரணத்தை எழுதிவையுங்கள். குழு வாரியாக எத்தனை பேர், என்ன காரணம் என்று ஒரு சிறு அட்டவணை ஆய்வேட்டில் இருக்கட்டும்.

கேள்வி: ஒரு குழுவுக்கு 10 பேர், ஒவ்வொருவரிடமும் 50 அளவுகள். குழுவுக்கு 500 தரவு என்று எழுதலாமா? ஆள் சேர்ப்பது கஷ்டம், அளவு எடுப்பது சுலபம்.
— பொறியியல் ஆய்வாளர், திருநெல்வேலி

பதில்: அளவு 500 என்று எழுதலாம், ஆள் 10 என்பதையும் அதே வாக்கியத்தில் எழுத வேண்டும். குழுக்களை ஒப்பிடும் கேள்விக்கு 10-தான் பேசும்.

கணக்காகவே பாருங்கள். ஆட்களுக்கு இடையிலான மாறுபாடு 80, ஒரே ஆளுக்குள் 40 என்று வைத்துக்கொள்வோம். குழுச் சராசரியின் மாறுபாடு, முதலாவதை ஆள் எண்ணிக்கையாலும் இரண்டாவதை மொத்த அளவுகளின் எண்ணிக்கையாலும் வகுத்துக் கூட்டியது. 10 பேர், ஆளுக்கு 4 அளவு: 8-ம் 1-ம் சேர்த்து 9. 10 பேர், ஆளுக்கு 50: 8-ம் 0.08-ம் சேர்த்து 8.08. பத்து மடங்குக்கு மேல் உழைத்தும் 9 என்பது 8-க்குக் கீழே இறங்கவே இல்லை. 20 பேர், ஆளுக்கு 4 அளவு என்றால் 4-ம் 0.5-ம் சேர்த்து 4.5.

ஒரே ஆளுக்குள் இரண்டு கருவிகளையோ இரண்டு முறைகளையோ ஒப்பிடுவதாக இருந்தால் ஆளுக்கு ஆள் உள்ள அந்த 80 கழிந்துபோகும், அங்கே 50 அளவுகளுக்கு நல்ல பயன் உண்டு. அப்போதும் கருவிகளுக்கு இடையிலான வித்தியாசம் ஆளுக்கு ஆள் மாறும் அளவை ஆட்களின் எண்ணிக்கைதான் வகுக்கும். ஆகவே உங்கள் ஒப்பீட்டை ஆளுக்குள் கொண்டுவர முடியுமா என்று முதலில் யோசியுங்கள். முடியாது என்றால் 50-ஐ 5 ஆக்கிக்கொண்டு, மிச்சமாகும் நேரத்தில் குழுவுக்கு இன்னும் பத்துப் பேரைத் தேடுங்கள்.